வெயிலுக்குச் சொன்ன விலை

அந்தத் தெருவில் எந்தப் பொருளுக்கும் ஒரே விலை கிடையாது. ஒரு வாளிக்கு மூன்று விலை: கேட்டதும் சொல்வது ஒன்று, வந்தவர் முகம் சுளித்ததும் சொல்வது ஒன்று, அவர் தெருமுனை வரை போனபிறகு பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்வது ஒன்று. வெயிலுக்கு மட்டும்தான் கறாராக ஒரே விலை. அதை வைத்தது வானிலை அலுவலகம். தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்கு முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று எல்லோருடைய கைப்பேசிக்கும் செய்தி வரும்.

"முப்பத்தெட்டாம்! எந்த ஊர்ல?" என்று தெருவே சிரிக்கும்.

அலுவலகத்தின் வெப்பமானி இருந்தது ஏரிக்கரையில். கீழே புல்தரை, சுற்றிலும் மரம், பக்கத்தில் தண்ணீர், நாள் முழுக்கக் காற்று. கொடுத்துவைத்த கருவி. இந்தத் தெருவிலோ இரண்டு பக்கமும் தகரக் கூரை, நடுவில் கருங்கல் தளம், பாத்திரக் கடை வாசல்களில் ஆளுயரத்துக்கு அடுக்கிய அலுமினியம். மதியத்தில் செருப்பைக் கழற்றியவன் அதை மறுபடி மாட்டுவதற்குள் ஒரு ஆட்டம் ஆடி முடித்திருப்பான்.

தராசக்காவுக்கு மட்டும் இதில் சிரிப்பு வரவில்லை. தராசு பழுதுபார்ப்பது அவள் தொழில். தெருவில் உள்ள அத்தனை எடைக் கருவிகளும் அவள் கைபட்டவை. ஒரு கிராம் பிசகினால்கூட அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. இப்போது பிசகியிருப்பது மூன்று டிகிரி. அந்த மூன்று டிகிரிக்கு நடுவில் சிக்கியிருந்தது அவள் புருஷனின் உயிர்.

அவர் சுமைதூக்கி. இரண்டு ஆள் சுமையை ஒற்றை முதுகில் ஏற்றுவதால் அவருக்குத் தெரு வைத்த பெயர் கிரேன். போன மாதம் ஒரு மதியம், பாத்திரப் பெட்டியோடு அந்தக் கிரேன் கண் சொருகிச் சரிந்தது. மருத்துவர் நரம்பில் மருந்து ஏற்றிவிட்டு, "இன்னொரு தடவை இப்படி விழுந்தா எழுந்திருக்க மாட்டார். உச்சி வெயில்ல சுமையே கூடாது" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார்.

கிரேன் கேட்டால்தானே? சுமைதூக்கிகளுக்கு முறைப் பட்டியல் உண்டு. ஒரு முறை தவறினால் பெயர் கடைசிக்குப் போய்விடும்.

"எல்லாரும் நின்னா நானும் நிப்பேன். நான் மட்டும் நின்னா, என் இடத்துல நாளைக்கு வேற முதுகு நிக்கும்" என்றார். அதற்குமேல் அவரிடம் பேசுவது சுவரோடு பேசுவதுதான்.

எல்லோரையும் நிறுத்த ஒரு விதி இருந்தது. மதியம் நாற்பது டிகிரி தொட்டால், பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை எவரும் சுமை தூக்கக் கூடாது, கடைக்காரரும் தூக்கச் சொல்லக் கூடாது என்று நகர மன்றம் போட்ட விதி. ஏரிக்கரைக் கருவி நாற்பதைத் தொட்டால்தானே! விதித் தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்த தராசக்காவுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு சந்து கிடைத்தது. ஒரு தெருவில் நான்கு இடங்களில், பதினைந்து நாள், மதியம் பன்னிரண்டுக்குத் தவறாமல் வெப்பம் குறித்து, அது ஏரிக்கரை அளவோடு சீரான வித்தியாசத்தில் நின்றால், அந்த வித்தியாசத்தை அந்தத் தெருவுக்குச் சேர்த்துக்கொள்ளலாம். வானிலை அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட நிமிடத்திலிருந்து செல்லும்.

அவ்வளவுதான், அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. நாலு வெப்பமானி வாங்கினாள். நொறுக்கிய ஐஸ் நிரம்பிய வாளியில் நாலையும் முக்கி, பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தாள். ஒன்று அரை டிகிரி ஏமாற்றியது. அதைக் கடைக்காரன் மேசையிலேயே வைத்து மாற்றி வாங்கினாள். பழப்பெட்டிப் பலகையில் காற்றுப் போகும் சந்து விட்டு நாலு பெட்டி அடித்து, வெள்ளைச் சாயம் பூசி, நிழலில், தலை உயரத்தில் மாட்டினாள். ஒன்று அவள் பட்டறையில். ஒன்று தெருக்கோடி விடுதியில், அந்த விடுதியம்மா பொறுப்பில். மீதி இரண்டும் எதிரெதிரே இருந்த இரண்டு பாத்திரக் கடைகளில்.

அந்த இரண்டு கடைக்காரர்களும் அண்ணன் தம்பி. பெரியவர், சின்னவர் என்றால் தெருவுக்குத் தெரியும். அப்பா போனபிறகு கடையைப் பிரித்துக்கொண்டதிலிருந்து ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பேச வேண்டியதையெல்லாம் பாத்திரத்தை டங்கென்று வைக்கிற சத்தத்திலேயே பேசிக்கொள்வார்கள்.

"ஒருத்தர் நோட்டை ஒருத்தர் பார்க்கக் கூடாது" என்று ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து மூவரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள் அக்கா. "தராசைத் தனித்தனியாச் சோதிச்சாத்தான் சோதனை. பக்கத்துத் தராசைப் பார்த்து எழுதினா அது காப்பி."

தெருவுக்குப் பைத்தியம் பிடித்தது. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே பட்டறை வாசலில் கூட்டம் கூடிவிடும், பந்தயத்தில் கடைசி ஓட்டத்தைப் பார்ப்பதுபோல.

"நாப்பது தாண்டுச்சா?"

"தாண்டி அரையும் ஆச்சு! ஏறுது, ஏறுது!"

"தலையைத் தள்ளுய்யா, உன் மூச்சுக் காத்துலயே ஒரு டிகிரி ஏறிடும்!"

நாற்பத்தொன்று என்று அக்கா கூவினால் கைதட்டல் கூரையைப் பிய்க்கும். ஏழாம் நாள் மேகம் போட்டு முப்பத்தாறுக்கு இறங்கியபோது, ஜில்லென்ற காற்றில் நின்றுகொண்டு அத்தனை பேரும் இழவு வீட்டு முகத்தோடு கலைந்தார்கள். வெயில் குறைந்ததற்கு வருத்தப்பட்ட தெரு உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பதினைந்தாம் நாள் வந்தது. பதினொரு மணிக்கு அதிகாரி வருகிறார். கடைசி அளவைப் பன்னிரண்டுக்கு அவர் கண் முன்னால் எடுக்க வேண்டும். அந்தக் கோடைக்கு அன்றுதான் கடைசித் தேதி. விட்டால் அடுத்த கோடை. கிரேன் காலையிலேயே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு லாரிப் பக்கம் போய்விட்டிருந்தார்.

பத்து மணிக்கு மூன்று நோட்டும் பட்டறைக்கு வந்துசேர்ந்தன. தன்னுடையதையும் சேர்த்து மேசையில் பரப்பி, முதல் நாள் பக்கத்தை விரித்தாள் தராசக்கா. அவள் நோட்டில் நாற்பத்தொன்று. பெரியவர் நோட்டில் நாற்பத்து மூன்று. சின்னவர் நோட்டில் நாற்பத்து நாலு. விடுதியம்மா நோட்டில் முப்பத்தொன்பது.

அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், எல்லாம் அதே கோலம். தட்டுகள் நாலு பக்கமும் இழுக்கிற தராசு.

"எல்லாரும் இங்க வாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் மூவரும் ஓடிவந்தார்கள். "அண்ணே, உங்க பெட்டிக்குப் பக்கத்துல அடுப்பு வெச்சீங்களா?"

பெரியவர் தொண்டையைச் செருமினார். "அடுப்பெல்லாம் இல்ல. அளவு சரியாத்தான் பார்த்தேன். எழுதும்போது ரெண்டு ஏத்தி எழுதினேன்."

"ஏத்தி எழுதினீங்களா!"

"பின்ன? நாப்பத்தொண்ணுன்னு எடுத்தவுடனே சொன்னா, அந்த அதிகாரி முப்பத்தொம்பதுக்குக் கேக்க மாட்டாரா? நாப்பத்து மூணுன்னு சொன்னாத்தான் இழுத்துப் பறிச்சு நாப்பத்தொண்ணுல வந்து நிக்கும். பேரத்துக்கு இடம் வேணாமா?"

"இது வெயில் அண்ணே, வாளி இல்ல!"

"எதுவா இருந்தா என்ன? கேக்கறவன் குறைச்சுத்தானே கேப்பான்."

அக்கா சின்னவர் பக்கம் திரும்பினாள். அவர் அண்ணன் இருந்த திசையைப் பார்க்காமலே, "அவரு ரெண்டு ஏத்துவாருன்னு எனக்குத் தெரியும்கா. அதான் நான் மூணு ஏத்தினேன். அவர் கடையைவிட என் கடை சளைச்சதா?" என்றார்.

விடுதியம்மா கேட்காமலே ஒப்புக்கொண்டாள். "நான் ரெண்டு குறைச்சேன் தாயி. நோட்டு வரவேற்பு மேசையில இருக்கு. வர்றவங்க எல்லாம் எட்டிப் பார்க்கறாங்க. நாப்பத்தொண்ணுன்னு கண்டா அவன் ரூம் எடுப்பானா, ஏரிப்பக்கம் ஓடுவானா?"

தராசக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு மணிக்கு அதிகாரி முன்னால் நாலு பெட்டியும் நாற்பத்தொன்று காட்டும். நோட்டில் நேற்றுவரை நாற்பத்து மூன்றும் நாற்பத்து நாலும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அதிகாரி ஒரு பெண். ஒல்லியான உடம்பு, பெரிய பை, சிரிக்கலாமா வேண்டாமா என்று எப்போதும் யோசிப்பதுபோல் ஒரு முகம். பையிலிருந்து சொந்தக் கருவியை எடுத்து நாலு பெட்டியிலும் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"பெட்டி பிரமாதம். மாட்டின இடமும் பிரமாதம். யார் செஞ்சது?"

"நான்தான் மேடம்" என்றாள் அக்கா. அவர் நோட்டுப் பக்கம் கை நீட்டியபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், நீங்க பார்க்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். மூணு நோட்டு பொய். என்னோடது மட்டும் நிஜம்." காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னாள்.

அதிகாரி மூன்று நோட்டையும் புரட்டிவிட்டு மூடினார். "சொன்னது நல்லது. ஆனா ஒரு இடத்து அளவை வெச்சுக் கையெழுத்துப் போட முடியாதும்மா. நாலு இடம் வேணும். அடுத்த கோடையில பார்ப்போம்."

அடுத்த கோடை! தெருக்கோடியில் லாரியிலிருந்து மூட்டை இறங்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மூட்டையும் தன் நெஞ்சில் இறங்குவதுபோல் இருந்தது அவளுக்கு. மணி பதினொன்றரை. பையை மாட்டிக்கொண்டு அதிகாரி எழுந்த அந்த நேரத்தில்தான் அவள் மூளையில் பொறி தட்டியது.

"இருங்க மேடம்! அண்ணே, நீங்க எந்தப் பாத்திரத்துலயாவது விக்கற விலையை மட்டும் எழுதுவீங்களா?"

"அதெப்படி? வாங்கின விலை தெரியாம எப்படி விக்கறது? அடியில சங்கேதத்துல குறிச்சிருக்கும்."

"அப்ப இதுலயும் குறிச்சிருக்கீங்க."

அக்கா பெரியவர் நோட்டை எடுத்து ஓரத்தைத் திருப்பினாள். ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும், எறும்பு ஊர்ந்ததுபோல் பொடிப்பொடியாய் நாலு எழுத்து, அதே பேனாவில். சின்னவர் நோட்டிலும் அப்படியே ஒரு மூலையில் நாலு எழுத்து. அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் பாய்ந்து ஆளுக்கொரு நோட்டைக் கையால் பொத்திக்கொண்டார்கள்.

"என்ன அது?" என்றார் அதிகாரி, பையைக் கீழே வைத்து.

"அசல் மேடம்! இவங்க கையால பொய்யை எழுதிட்டு, பழக்க தோஷத்துல பக்கத்துலயே நிஜத்தையும் எழுதி வெச்சிருக்காங்க! பத்து இலக்கத்துக்குப் பத்து எழுத்து. எந்த எழுத்து எந்த இலக்கம்னு இவங்க சொன்னாப் போதும்."

"மாட்டேன்" என்றார் பெரியவர்.

"உயிரே போனாலும் மாட்டேன்" என்றார் சின்னவர்.

"அதைச் சொன்னா என் கடையில உள்ள ஒவ்வொரு தட்டோட அசலும் எதிர்க்கடைக்குத் தெரிஞ்சுபோயிடும்மா. அப்புறம் கடையை மூடிட்டு நான் போய் மூட்டை தூக்க வேண்டியதுதான்" என்றார் பெரியவர்.

"தூக்குங்களேன்!" என்றாள் அக்கா. "பன்னிரண்டு மணிக்குத் தூக்குங்க. என் வீட்டுக்காரர் விழுந்தது உங்க வாசப்படியில அண்ணே, உங்க பெட்டியோட. விழும்போதும் உங்க பாத்திரம் நசுங்கக் கூடாதுன்னு பெட்டியை நெஞ்சுல அணைச்சுக்கிட்டுத்தான் விழுந்தாரு. அந்தப் பெட்டியில எத்தனை நசுங்கிச்சு?"

பெரியவர் தரையைப் பார்த்தார். "ஒண்ணும் நசுங்கலை" என்றார். பிறகு அதிகாரியிடம், "மேடம், காதுல சொல்றேன். உங்களுக்கு மட்டும். எழுதி வெச்சுக்கக் கூடாது. வேலை முடிஞ்சதும் மறந்துடணும்" என்றார்.

"ஞாபக மறதி எனக்குப் பிறவிச் சொத்து. வாங்க" என்றார் அதிகாரி.

பட்டறையின் பின்கட்டில், துருப்பிடித்த மேடைத்தராசுக்குப் பின்னால் ரகசியம் நடந்தது. பெரியவர் வெளியே வந்தார். முகம் பல் பிடுங்கிய ஆளுடையதுபோல் இருந்தது. அவர் சொல்லிவிட்டார் என்றதும் சின்னவருக்கும் ரோஷம் வந்து உள்ளே போனார். பிறகு அதிகாரி வெடித்துச் சிரிப்பது கேட்டது.

"இதைத்தான் அவரும் சொன்னார்!"

சின்னவர் வெளியே வந்தார். ஆறு வருஷத்தில் முதல்முறையாக அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"நீ அப்பாவோட எழுத்தை மாத்தவே இல்லையா?"

"நீ மாத்தியிருப்பேன்னு நினைச்சேன்டா."

"நீ மாத்தியிருப்பேன்னு நானும் நினைச்சேன். பத்து எழுத்தைப் புதுசா யாரு மனப்பாடம் பண்றது?"

"அப்ப இந்த ஆறு வருஷமும் என் கடைப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்திருந்தா..."

"எல்லாம் தெரிஞ்சிருக்கும்! நான்தான் உன் கடைப்பக்கம் திரும்பியே பார்க்கலையே!"

விடுதியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக் குலுங்கினாள். "மேடம், எங்கிட்ட சங்கேதம் எல்லாம் இல்ல. ஆனா குளிரூட்டின ரூம் விக்கறதுக்காக அந்த ரூம் பக்கத்துப் பலகையில தினம் எழுதுவேன், 'வெளியே நாற்பத்தொன்று, உள்ளே இருபத்து நாலு'ன்னு. அதைப் படம் எடுத்துப் பழைய வாடிக்கைக்காரங்களுக்கு அனுப்புவேன். அதுல மட்டும் நிஜம் எழுதினேன், நிஜமே போதுமான அளவு பயங்கரமா இருந்துச்சு." கைப்பேசியை நீட்டினாள். பதினான்கு படம், பதினான்கு தேதி.

"சாதா ரூம் கேக்கறவனுக்கு முப்பத்தொம்பது, குளிர் ரூம் விக்க நாப்பத்தொண்ணா!" என்று பெரியவர் வியந்தார். அவரிடமிருந்து வருகிற பாராட்டு அது. விடுதியம்மா தலையசைத்து ஏற்றுக்கொண்டாள்.

மணி பதினொன்று ஐம்பது. தராசக்கா எண்களை வாசிக்க வாசிக்க அதிகாரி கட்டம் போட்டு நிரப்பினார். ஏரிக்கரைக்கும் தெருவுக்கும் வித்தியாசம்: மூன்று. மூன்று. இரண்டே முக்கால். மூன்று. மேகம் போட்ட ஏழாம் நாளில்கூட எல்லாம் சேர்ந்து இறங்கி, ஏறக்குறைய அதே இடைவெளியில் நின்றது. வாசலில் கூட்டம் எக்கிப் பார்த்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் உள்ளே இருப்பவர்கள் வெளியே சொல்ல, வெளியே இருப்பவர்கள் தெருவுக்குச் சொன்னார்கள்.

"ஒன்பதாம் நாள்?" என்று அதிகாரி நிறுத்தினார். பையிலிருந்து ஒரு சின்னச் சீட்டை எடுத்தார். "எல்லாரும் வாசிங்க."

"நாப்பத்தொண்ணே கால்" என்றாள் அக்கா.

"நாப்பத்தொண்ணே கால்" என்றார்கள் அண்ணனும் தம்பியும் ஒரே மூச்சில், மூலையைப் பார்த்து.

"பலகையிலயும் அதே" என்றாள் விடுதியம்மா.

அதிகாரி சீட்டைத் திருப்பிக் காட்டினார். நாற்பத்தொன்றே கால். "அன்னிக்கு நான் இங்க வந்தேன். கருவியைப் பையில மறைச்சுக் கொண்டுவந்து, பன்னிரண்டுக்கு நிழல்ல வெச்சு அளந்துட்டு, ஒரு கெட்டிலும் வாங்கினேன்."

சின்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அந்த மூடி போட்ட கெட்டில்! மேடம், நீங்கன்னு தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா?"

"கொஞ்சம் பார்த்துச் சொல்லியிருப்பேன்."

பன்னிரண்டு அடித்தது. நாலு பேரும் நாலு பெட்டிக்கு ஓடினார்கள். கூட்டமும் நாலாகப் பிரிந்து பின்னால் ஓடியது. நாற்பதே முக்கால்! நாற்பதே முக்கால்! நாற்பத்தொன்று! நாற்பதே முக்கால்! தெருவின் நாலு மூலையிலிருந்தும் கூவல் வந்தது. எல்லோருடைய கைப்பேசியும் ஒருசேர முனகியது: ஏரிக்கரையில் முப்பத்தேழே முக்கால். அதிகாரி மேசைமேல் குனிந்து, மூன்று என்று எழுதி, வட்டம் போட்டு, கீழே கையெழுத்தும் தேதியும் நேரமும் போட்டார்.

"இந்த நிமிஷத்துலேர்ந்து உங்க தெருவுல நாப்பதே முக்கால். நாலு மணி வரைக்கும் சுமை கிடையாது. நான் போய்..."

மீதியைக் கேட்கத் தராசக்கா அங்கே இல்லை. தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஒரு கால் செருப்பு எங்கேயோ கழன்றது. கல் சுட்டது அவளுக்கு உறைக்கவில்லை. தெருவின் நடுவில் கிரேன் முதுகில் மூட்டையோடு வந்துகொண்டிருந்தார். முகம் செங்கல் நிறம். உதடு வெளுத்திருந்தது. கண் எதையும் பார்க்கவில்லை.

"இறக்குங்க!"

"கடை இருபது அடிதான் இருக்கு. போட்டுட்டு வந்துடறேன்."

"இறக்குங்கன்னா! கையெழுத்து ஆயிடுச்சு!" தாளை அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"பத்து அடி..."

"ஒரு அடி கிடையாது."

அவர் தாளைப் படிக்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, பின்னால் வரிசையாக மூட்டையோடு நின்ற ஏழு பேரையும் பார்த்தார்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

கிரேன் முழங்காலை மடித்து, தோளைச் சாய்த்தார். மூட்டை நட்டநடுத் தெருவில் பொத்தென்று விழுந்தது. அவர் அப்படியே அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு விடுதியின் நிழலுக்குள் நுழைய, விடுதியம்மா ஒரு குடம் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தாள். பின்னால் இரண்டாவது மூட்டை விழுந்தது. மூன்றாவது. நாலாவது. எட்டு மூட்டையும் எட்டு இடத்தில் கிடக்க, மூட்டைக்குக் காத்திருந்த மண்டிக்கடைக்காரர் மட்டும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "யோவ், நடுவழியிலய்யா! வண்டி எப்படிப் போகும்?" என்று கத்தினார்.

"நாலு மணிக்குப் போகும்" என்று நிழலுக்குள்ளிருந்து கிரேன் பதில் சொன்னார், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே.